ஹெண்டி: திசை தெரியாத ஒரு திசைச்சொல் பற்றிய ஆராய்ச்சி

ஹெண்டி என்பது ஜெர்மன் மொழியில் கைபேசியைக் குறிக்கும் பெயர்ச்சொல். எழுத்தைப் பார்த்தால் ஆங்கிலம். காதால் கேட்டாலும் ஏறத்தாழ ஆங்கிலம். பொருளில் மட்டும் ஆங்கிலம் கிடையாது. அதே எழுத்துகளால் ஆன ஆங்கிலச் சொல்லான ஹேண்டி ஒரு பெயரடை. கைக்கு வாகானது, வேளைக்கு உதவுவது என்று அதற்குப் பொருள். குடை ஹேண்டியாக இருக்கலாம். பாக்குவெட்டிகூட ஹேண்டியாக இருக்கலாம். லண்டனில் ஒருவர் ‘என் ஹேண்டியைக் காணோம்’ என்று அலறினால், காணாமல் போன பொருள் எதுவென்று அவர் சொல்லி முடிக்கட்டும் எனப் பக்கத்தில் இருப்பவர் காத்திருப்பார். பெர்லினில் அதே அலறலுக்கு நாலு பேர் நாற்காலிக்கடியில் குனிந்து தேடுவார்கள்.

இரண்டையும் பிரித்தறிய, இக்கட்டுரையில் ஜெர்மன் சொல் எகரத்தோடும் ஆங்கிலச் சொல் ஏகாரத்தோடும் எழுதப்படுகின்றன. ஜெர்மானியர் வாயில் அந்த முதல் உயிர் குறிலாகவே ஒலிப்பதால் இது வெறும் வசதிக்காகச் செய்த ஏற்பாடு அன்று.

சொல்லை வகைப்படுத்துவதிலேயே சிக்கல் தொடங்குகிறது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கு வகை கண்டார் தொல்காப்பியர். அயலிலிருந்து வந்தேறியதால் ஹெண்டி திசைச்சொல் என்று கொள்ளலாமா எனின், கொள்ளலாகாது. என்னை? திசைச்சொல்லுக்கு ஒரு திசை வேண்டும். இந்தச் சொல்லைப் பிறந்த ஊருக்கே திருப்பி அனுப்பலாம் என்றால், பெறுநர் முகவரி இல்லாத தபால்போல் அது திரும்பத் திரும்ப ஜெர்மனிக்கே வந்து சேர்கிறது. அங்குள்ள மொழியியலார் இவ்வகைச் சொற்களைப் போலி ஆங்கிலச் சொற்கள் என்கின்றனர். போலி என்றாலும் இலக்கணப் போலி அன்று. கடைச்சரக்கில் சொல்கிற போலி.

இச்சொல் பிறப்பதற்கு முன் ஜெர்மானியர் தொலைபேசிக்குப் பெயர் வைப்பதில் காட்டிய அக்கறை குறிப்பிடத்தக்கது. பள்ளி ஆசிரியரான ஃபிலிப் ரைஸ் 1861 அக்டோபரில் பிராங்பர்ட்டின் இயற்பியல் கழகத்தார் முன்னிலையில் தம் கருவியைக் காட்டினார். கம்பி வழியே சோதனைக்காகச் சொல்லப்பட்ட வாக்கியங்களில் ‘குதிரை வெள்ளரிக்காய் சாலட் தின்னாது’ என்பதும் ஒன்று என்பது மரபு. முன்கூட்டியே ஊகிக்க முடியாத வாக்கியமாக இருந்தால்தான் மறுமுனையில் உள்ளவர் உண்மையாகவே கேட்டுச் சொல்கிறாரா என்று தெரியும். தொலைபேசியில் தேவையற்றதைப் பேசும் வழக்கம் கருவியோடு கூடவே பிறந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ரைஸ் தம் கருவிக்கு இட்ட பெயர் டெலிபோன். கிரேக்க வேர்களால் ஆன பெயர்.

அது அரசுக்குப் பிடிக்கவில்லை. 1877-இல் பேரரசின் அஞ்சல்துறைத் தலைவரான ஹைன்ரிக் ஃபான் ஸ்டெஃபான், பெல்லின் கருவியை பெர்லினில் சோதித்துப் பார்த்த கையோடு அதற்கு ஃபெர்ன்ஷ்ப்ரெஹர் என்று பெயர் சூட்டினார். ஃபெர்ன் என்றால் தொலை. ஷ்ப்ரெஹர் என்றால் பேசுவது. தமிழின் ‘தொலைபேசி’ அச்சாக இதே கட்டுமானம்தான். ஸ்டெஃபான் அஞ்சல்துறையில் புழங்கிய பிரெஞ்சுச் சொற்களை நூற்றுக்கணக்கில் களைந்தவர். பதிவுத் தபாலுக்கும் உறைக்கும் இன்று ஜெர்மானியர் சொல்லும் சொற்கள் அவர் புகுத்தியவை. அந்தச் சொற்கள் வென்றன. ஃபெர்ன்ஷ்ப்ரெஹர் தோற்றது. அலுவலகக் கோப்பிலும் தெருவோரத் தொலைபேசிக் கூண்டிலும் நூறாண்டு நின்றும் வீட்டுக்குள் நுழையவில்லை. ஜனங்கள் டெலிபோன் என்றே சொன்னார்கள். தபால்காரர் கையில் தருவதை வாங்கிக்கொள்ளும் மக்கள், தாமே காதில் வைத்துப் பேசுவதற்குத் தாமே பெயர் வைக்கிறார்கள் போலும்.

அடுத்துக் கருவி வண்டியேறியது. 1958-இல் தொடங்கிய ஏ வலையமைப்பில் ஒவ்வோர் அழைப்பையும் இணைப்பகத்தில் இருந்தவர் கையால் இணைத்தார். 1972-இல் வந்த பி வலையமைப்பில் நேரடியாக அழைக்கலாம். ஆனால் கூப்பிடப்படுபவரின் கார் எந்த வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கூப்பிடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே இருக்கிறாய் என்று கேட்கத்தான் போன் என்றால், எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால்தான் போன். 1985-இல் சி வலையமைப்பு இந்த அவதியைத் தீர்த்தது. இந்தக் காலம் முழுக்க வழங்கிய பெயர்கள் கார் தொலைபேசி, வானொலித் தொலைபேசி, நடமாடும் தொலைபேசி எனும் பொருளில் அமைந்த ஔட்டோடெலிஃபோன், ஃபுங்க்டெலிஃபோன், மொபில்டெலிஃபோன் ஆகியவை. சொல்லின் நீளம் கருவியின் எடைக்கு ஏற்றபடியே இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

1992-இல் டி வலையமைப்புகள் வந்தன. கருவி காரை விட்டு இறங்கிக் கைக்கு வந்தது. அவ்வாண்டு விற்பனைக்கு வந்த மோட்டோரோலாவின் இன்டர்நேஷனல் 3200 ஒரு செங்கல் நீளம் இருந்தது. ஜெர்மானியர் அதற்கு ‘எலும்பு’ என்று செல்லப்பெயர் வைத்தனர். நாய் வாயில் கவ்வும் எலும்பின் பருமன் அதற்கு உண்டு என்பதால் பெயர் பொருத்தமே. ஆயினும் நிலைத்தது எலும்பு அன்று, ஹெண்டி.

ஏன் ஹெண்டி? இங்கே கொள்கைகள் மோதுகின்றன.

முதலாவது ஷ்வாபியக் கொள்கை. ஷ்டுட்கார்ட் நகரைச் சூழ்ந்த ஷ்வாபியப் பகுதிக்கென்று ஒரு வட்டார வழக்கு உண்டு. கம்பியில்லாத தொலைபேசியை முதன்முதலில் கண்ட ஷ்வாபியர் ஒருவர் ‘ஹென் டீ கொய் ஷ்னூர்?’ என்று கேட்டாராம். ‘இவங்ககிட்ட வயரே இல்லையா?’ என்பது பொருள். அந்தக் கேள்வியின் முதல் இரண்டு சொற்கள், அதாவது ‘ஹென் டீ’, பெயராக நின்றுவிட்டன என்பது வாதம். இதன் மேல் தடைகள் பல. ஒன்று, கேள்வியின் கனம் வயரில் இருக்கிறது. அதிலிருந்து பெயர் எடுப்பதானால் கொய்ஷ்னூர் என்றல்லவா எடுத்திருக்க வேண்டும்? இரண்டு, ஹாம்பர்க்காரர் ஷ்வாபியரின் பேச்சைப் பின்பற்றிய வரலாறு அரிது. மூன்று, இக்கொள்கையைச் சொல்பவர்களே சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். உரையாசிரியர் நச்சினார்க்கினியரே இவ்வளவு தூரம் வலிந்து பொருள் கொள்ளத் துணிந்திருக்க மாட்டார். இருந்தும் ஜெர்மனியில் இச்சொல்லின் பிறப்பைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வருவது இந்தக் கதைதான். ஆதலால் விரிவாக மறுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, போர்க்களக் கொள்கை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் இரண்டு வகை வானொலிக் கருவிகளை எடுத்துச் சென்றது. முதுகில் சுமப்பது வாக்கி டாக்கி; ஒற்றைக் கையில் பிடிப்பது ஹேண்டி டாக்கி. பின்னாளில் மோட்டோரோலா என்று பெயர் மாறிய நிறுவனம் செய்த இந்தக் கைக்கருவியின் எடை இரண்டு கிலோவுக்கும் சற்று மேல். இதைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடிய சிப்பாய் அதை ஹேண்டி என்று ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. பெயரின் முதற்பாதி வானொலிப் பொழுதுபோக்காளர்களிடம் தங்கி, அவர்கள் கைக்கருவிகளுக்கெல்லாம் வழங்கி, அங்கிருந்து கைபேசிக்குத் தாவியது என்பது இக்கொள்கையின் எஞ்சிய பகுதி. போரும் பொழுதுபோக்கும் பல்லாண்டு இடைவெளியைக் கடந்து கைகோத்து வருவதால் இது கேட்க நன்றாகவே இருக்கிறது.

மூன்றாவது, கடைக்காரர் கொள்கை. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பேர்போன லோவெ நிறுவனம் 1992-இல் ஹெண்டிடெல் 100 என்ற கருவியைக் கொண்டுவந்தது. விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம்போல் ஒலிக்கும் சொல் வேண்டும். வாங்குகிறவருக்கு வாயில் நுழையும் சொல் வேண்டும். இரண்டுக்கும் இரண்டு அசையில் தீர்வு.

துணிபு யாதெனின்: வானொலிக்காரர் வாயில் இருந்ததைக் கடைக்காரர் பலகையில் ஏற்ற, ஜனங்கள் கைக்கொண்டனர் என்பதே ஏற்புடையது. எந்த ஒருவரும் இதைப் படைத்ததாக உரிமை கொண்டாட இயலாது. கை என்பது இந்தக் கருவிக்குப் பெயர் வைக்க வருகிற பலருக்கும் தோன்றுகிறது. தமிழில் கைபேசி, சீனத்தில் கைப்பொறி என்று பொருள்படும் ஷோஜி, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பேச்சு ஆங்கிலத்தில் ஹேண்ட்போன். கையைத் தொடாமல் பெயர் வைத்தவர்களுள் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் உண்டு. முன்னவர் மொபைல் என்றனர், பின்னவர் செல் என்றனர். கையை நினைத்த ஆங்கிலச் சொல்லை ஆங்கிலேயருக்காக ஜெர்மானியர் செய்து கொடுத்தும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

சுவிட்சர்லாந்து இந்த வழக்கில் தனித்து நின்றது. அங்கே 1978-இல் தேசியக் கார் தொலைபேசி என்பதன் ஜெர்மன் தொடரைச் சுருக்கி நாட்டெல் என்றனர். காரை விட்டு இறங்கிப் பல்லாண்டு ஆன பிறகும் கருவி நாட்டெல் என்றே அழைக்கப்பட்டது. பெயருக்குள் இருந்த காரை யாரும் கவனிக்கவில்லை. பெயரின் உரிமையாளரான ஸ்விஸ்காம் 2017-இல் அதைக் கைவிட்டது. ஆஸ்திரியாவில் ஹெண்டிதான்.

இனி இலக்கணம். ஜெர்மன் பெயர்ச்சொல்லுக்கு ஆண், பெண், அலி என மூன்று பால். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. சாப்பாட்டு மேசையிலேயே இந்த நிலைமை என்றால் வெளிநாட்டுச் சரக்குக்குப் பால் நிர்ணயிப்பது எளிதன்று. ஹெண்டி எந்தத் தகராறும் இல்லாமல் மூன்றாம் பாலுக்குப் போயிற்று. டெலிபோன் அங்கே இருந்ததால் பக்கத்தில் இடம் கிடைத்தது. குறுஞ்செய்திக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. எஸ்எம்எஸ் ஜெர்மனியில் பெண்பால், ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அலிப்பால். எல்லை தாண்டும்போது செய்தி பால் மாறுகிறது. செய்தியின் நீளம் 160 எழுத்து என்று வகுத்தவரும் ஒரு ஜெர்மானியர்தான். ஃபிரீடெல்ம் ஹில்லெப்ராண்ட் என்ற பொறியாளர் 1985-இல் பான் நகரில் தட்டச்சுப்பொறி முன் உட்கார்ந்து வாய்க்கு வந்த வாக்கியங்களை அடித்துப் பார்த்து, மனிதர் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது என்று கண்டார். ஜெர்மன் மொழியின் சொல் நீளத்தை அறிந்தவர்கள் இந்த முடிவின் தைரியத்தைப் பாராட்டுவார்கள். எஸ்எம்எஸ் அனுப்புவதற்கு ஸிம்ஸன் என்று ஒரு வினைச்சொல்லும் பிறந்து அகராதி ஏறியது.

வினைச்சொற்களின் பாடு பெரும்பாடு. ஜெர்மனில் இறந்தகால எச்சத்துக்குப் பெரும்பாலும் ‘கெ’ என்ற ஒட்டு வேண்டும். கூகுளில் தேடினேன் என்பதற்கு கெகூகெல்ட் என்று அது சுலபமாக ஒட்டிக்கொண்டது. டவுன்லோடில்தான் தகராறு. ‘கெ’ சொல்லுக்கு முன்னால் வந்து கெடவுன்லோடெட் ஆகுமா, நடுவில் புகுந்து டவுன்கெலோடெட் ஆகுமா? இரண்டையும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கோப்பு இறங்கி முடித்துவிடும், இலக்கணம் முடிவதில்லை.

ஒரு சொல் ஊரோடு ஒட்டிவிட்டதா என்பதற்கு உறுதியான சோதனை, அது தொகையாக நிற்கிறதா என்பது. ஹெண்டி எல்லாவற்றோடும் சேர்கிறது. ஹெண்டிஹுல்லெ அதன் உறை. ஹெண்டிநும்மர் அதன் எண். டீன்ஸ்ட்ஹெண்டி அலுவலகம் தந்தது. ஞாயிற்றுக்கிழமை அடித்தால் எடுக்க மனம் வராதது. கிளாப்ஹெண்டி மடக்குவது. ஸெனியோரன்ஹெண்டி பெரிய பொத்தான்கள் வைத்து முதியவருக்கென்று விற்பது. எந்த முதியவரும் தனக்கென்று கேட்டு வாங்காதது. ஸ்மார்ட்போன் என்ற அசல் ஆங்கிலச் சொல் வந்து பல்லாண்டு ஆகியும் இத்தொகைகளில் ஒன்றையும் அதனால் அசைக்க முடியவில்லை. அதற்குக் கிடைத்த பெருமையெல்லாம், ஸோம்பியோடு சேர்ந்து ஸ்மோம்பி ஆகி 2015-இன் சிறந்த இளைஞர் சொல்லாகத் தேர்வு பெற்றதுதான். தெருவில் போனைப் பார்த்தபடியே நடப்பவரை அது குறிக்கும். அத்தகையோருக்காக ஆக்ஸ்பர்க் நகரம் 2016-இல் டிராம் நிறுத்தத்தில் சிக்னல் விளக்குகளைத் தரையிலேயே பதித்துப் பார்த்தது.

ஹெண்டியின் பங்காளிகளையும் ஒருவாறு கணக்கெடுக்க வேண்டும். தொலைபேசி வீட்டுக்குள்ளேயே இருவர். குரலஞ்சல் பெட்டிக்கு ஜெர்மானியர் மெயில்பாக்ஸ் என்பர். அமெரிக்கருக்கு அது வாசலில் கம்பத்தில் நிற்கும் தபால்பெட்டி. அளவில்லாமல் பேசும் திட்டத்தை ஃபிளாட்ரேட் என்று தொடங்கி ஃபிளாட் என்று சுருக்கிவிட்டார்கள். ‘என்னிடம் ஒரு ஃபிளாட் இருக்கிறது’ என்று லண்டனில் சொன்னால் மரியாதை தனி.

வெளியே இருப்பவர்கள் பிறந்த விதம் பலவகை. சிலர் வால் வெட்டிப் பிறந்தவர்கள்: ஸ்மோக்கிங் ஜாக்கெட்டின் பின்பாதி போய், ஸ்மோக்கிங் என்றாலே விருந்துக்குப் போடும் கோட்டு. சிலர் பொருள் மாறிப் பிறந்தவர்கள்: பீமர் என்பது சுவரில் படம் காட்டும் கருவி, ஆங்கிலக் கொச்சையில் அது பிஎம்டபிள்யூ கார். ஹோம் ஆபீஸ் என்பது வீட்டிலிருந்து வேலை. பிரிட்டனில் உள்துறை அமைச்சகம். குறுக்கே மாட்டும் தோள்பைக்குப் பாடிபேக் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அதில் பிணத்தைத்தான் வைப்பார்கள். 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது மைதானங்களில் பெரிய திரை கட்டி ஊரே கூடிப் பார்த்ததைப் பப்ளிக் வியூயிங் என்றார்கள். அமெரிக்காவில் அச்சொல் இறந்தவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் சடங்கையும் குறிக்கும். ஜெர்மனி அரையிறுதியில் தோற்றதைக் கருதினால் இரு பொருளும் பொருந்தும்.

இவர்களுள் தலைசிறந்தது புல்லுண்டர். புல்ஓவர் என்பது தலைவழியாக இழுத்துப் போடும் கம்பளிச் சட்டை. அதற்குக் கையை வெட்டிக் கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்வதற்கு என்ன பெயர்? மேலே என்பதற்கு எதிர்ச்சொல் கீழே. ஆகவே ஓவருக்கு அண்டர். ஆங்கிலத்தில் இல்லாத சொல்லை ஆங்கில விதிப்படியே ஜெர்மானியர் செய்த இந்த வேலை, பாணினி பார்த்தாலும் தலையசைக்கத் தக்கது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. 1997-இல் தோன்றிய ஜெர்மன் மொழிச் சங்கம், ஆண்டுக்கொருவரை மொழிக் கலப்படக்காரர் என்று பட்டம் சூட்டி இகழ்ந்தது. திராட்சை மதுவில் தண்ணீர் கலப்பவனுக்கு ஜெர்மனில் சொல்லும் சொல் அது. 1998-இல் பட்டம் டெலிகாம் தலைவர் ரான் ஸொம்மருக்கு. உள்ளூர் அழைப்பை சிட்டிகால் என்றும் நாட்டுக்குள் பேசுவதை ஜெர்மன்கால் என்றும் அவருடைய நிறுவனம் பில்லில் அச்சடித்ததே குற்றம். போக்குவரத்து அமைச்சராயிருந்த பீட்டர் ராம்ஸௌவர் தம் அமைச்சகத்தில் ஆங்கிலக் கலப்பைத் தடுத்து, லேப்டாப்பை மடக்குக் கணினி என்னும் பொருளில் கிளாப்ரெஹ்னர் ஆக்கினார். அமைச்சகத்துக்கு வெளியே அது லேப்டாப்பாகவே மடங்கியது. சங்கத்துக்கு வலுவான சாட்சி கிடைத்தது கடைத்தெருவில்தான். வாசனைப் பொருள் விற்கும் டக்ளஸ் கடைகள் ‘உள்ளே வந்து கண்டறியுங்கள்’ எனும் பொருளில் ஓர் ஆங்கில வாசகத்தைப் போட்டிருந்தன. 2003-இல் எண்ட்மார்க் என்ற கொலோன் நிறுவனம் மக்களிடம் கேட்டபோது, ‘உள்ளே வந்து வெளியேறும் வழியைக் கண்டுபிடியுங்கள்’ என்று பலர் பொருள் சொன்னார்கள். வாசகம் பின்னர் ஜெர்மனுக்கு மாறியது. இந்தச் சாட்சியம் ஹெண்டிக்கு எதிராகச் செல்லாது என்பது கவனிக்கத்தக்கது. அசல் ஆங்கிலம்தான் ஜெர்மானியருக்குப் புரியவில்லை. போலி ஆங்கிலம் எல்லாருக்கும் புரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? வண்டிப் பதிவு விதிகளில் ஓல்ட்டைமர் என்ற சொல் வரையறையோடு இடம்பெற்றிருக்கிறது: முப்பது ஆண்டுக்கு முன் முதன்முதலாகச் சாலைக்கு வந்த பழங்கார். ஆங்கிலத்தில் அது பழங்கிழவர். இதை ஏற்ற அரசு ஹெண்டியை ஏற்கவில்லை. 2001-இல் வண்டி ஓட்டுகையில் பேசுவதைத் தடுத்த சாலை விதி, மொபில்டெலிஃபோன், ஔட்டோடெலிஃபோன் என்றே எழுதியது. கையில் எடுக்கவோ பிடிக்கவோ கூடாது என்றது. கருவிகள் பெருகப் பெருகத் தப்பிக்கும் வழிகளும் பெருகின. 2017-இல் அபராதத்தை 100 யூரோவாக உயர்த்தியபோது, தகவல் பரிமாற்றத்துக்கோ தகவல் அறியவோ ஒழுங்குபடுத்தவோ பயன்படும் மின்னணுச் சாதனம் என்று ஒரு நீண்ட தொடரைப் போட்டார்கள். அந்த வலையில் 2020 டிசம்பரில் விழுந்தது கால்குலேட்டர். வண்டி ஓட்டியபடி அதைக் கையில் பிடித்துக் கமிஷன் கணக்குப் போட்ட ஒருவரின் வழக்கில், கால்குலேட்டரும் அத்தகைய சாதனமே என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து எழுத்துச் சொல்லை எழுதக் கூச்சப்பட்டதன் பயன், கூட்டல் கழித்தலும் தகவல் சாதனமாயிற்று. இதே குற்றத்தைச் சொல்ல ஜனங்களும் பத்திரிகைகளும் ஹெண்டி என்ற சொல்லையே எடுக்கிறார்கள்.

எஞ்சியது பன்மை. ஆங்கிலத்தில் மெய்யெழுத்தை அடுத்து வரும் ஒய் எழுத்தில் முடியும் பெயர்கள் பன்மையில் அதை ஐ, ஈ என்று மாற்றிக்கொண்டு எஸ் சேர்க்கும். ஜெர்மனில் ஒய் அப்படியே நிற்க வெறும் எஸ் வந்து ஒட்டும். இந்த விதி ஹெண்டிக்கு மட்டுமன்று. குழந்தைக்கும் விருந்துக்கும் வழங்கும் அசல் ஆங்கிலச் சொற்களான பேபி, பார்ட்டி ஆகியவற்றுக்கும் உண்டு. பால் ஜெர்மன், தொகை ஜெர்மன், பன்மை ஜெர்மன், பொருள் ஜெர்மன் என நான்கும் ஒத்திருத்தலால் ஹெண்டி ஜெர்மன் இயற்சொல் என்பதே முடிபு. ஜெர்மன் வகுப்பில் அதன் பன்மையைத் தம் ஊர் வழக்கப்படி எழுதும் ஆங்கில மாணவருக்கு மதிப்பெண் குறையும்.